ரெஃப்ரி விட்ட ஃபிரீ த்ரோவைத் திரும்பக் கேட்கலாமா, எதுவரை?

முதலில் கேட்கப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து ஆட்டம், நான்காவது குவார்ட்டர். நீல அணிக்கு ஏற்கெனவே நான்கு டீம் ஃபவுல் (அந்தக் குவார்ட்டரில் அணி முழுக்கச் சேர்ந்து செய்த ஃபவுல்) ஆகிவிட்டது. அடுத்து வெள்ளை அணி ஆட்டக்காரர் ஒருவரை நீலம் ஃபவுல் செய்கிறது, ஷாட் போடும்போது அல்ல, சும்மா டிரிபிள் செய்துகொண்டிருக்கும்போது. இது ஐந்தாவது டீம் ஃபவுல் என்பதால் வெள்ளைக்கு இரண்டு ஃபிரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடும் ஷாட்) கிடைத்திருக்க வேண்டும், ஆனால் ரெஃப்ரி சைடு பால், அதாவது பக்கவாட்டுக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும் த்ரோ-இன், கொடுத்துவிட்டார். வெள்ளை ஷாட் போட்டுத் தவறவிட்டது, நீலம் ரீபவுண்ட் எடுத்து ஓடிப்போய் கூடை போட்டது. அப்போதுதான் வெள்ளையின் கோச், ஸ்கோரரும் டைமரும் உட்காரும் டேபிளைப் பார்த்துக் கத்தினார். ‘நேரம் தாண்டிவிட்டது’ என்று ரெஃப்ரி கையை விரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமில்லாத ஒரு உரசலுக்கு விசில் ஊதி வெள்ளைக்கு இரண்டு ஃபிரீ த்ரோ கொடுத்தார். ஈடுகட்டுகிறார் என்று கேலரிக்கே புரிந்தது. இது நியாயமா?

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. ‘நேரம் தாண்டிவிட்டது’ என்றது சரியா என்பது, கோச் கத்திய நொடியில் பந்து எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. அப்புறம் ஊதிய அந்த ஈடுகட்டும் விசில் எந்தக் கணக்கிலும் சரியில்லை. ஃபிரீ த்ரோ விட்டதைவிட எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது.

நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிப்படி நடப்பவை (கால்பந்தின் ஃபிஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), அதனால் அதை வைத்தே சொல்கிறேன். அந்த விதிப்புத்தகத்தில் 44ஆவது பிரிவு முழுக்க இந்த விஷயம்தான்: திருத்தக்கூடிய தவறுகள். நான்கே நான்குதான். தகுதியில்லாத ஃபிரீ த்ரோவைக் கொடுத்தது, தகுதியான ஃபிரீ த்ரோவைக் கொடுக்காமல் விட்டது, புள்ளியைத் தவறாகக் கொடுத்தது அல்லது ரத்து செய்தது, தப்பான ஆளை ஃபிரீ த்ரோ போடவிட்டது. இந்த நான்கிலும்கூட ஒரு விதியைக் கவனிக்காமல் விட்டதால் வந்த தவறாக இருக்க வேண்டும். ஃபவுல் நடந்ததா, அது பிளாக்கா (தடுத்தவர் தவறு) சார்ஜா (மோதியவர் தவறு), கை பட்டதா படவில்லையா என்பதெல்லாம் பார்வை சார்ந்த முடிவு. அதை உடனே இன்னொரு ரெஃப்ரி ஓடிவந்து ‘நான் தெளிவாகப் பார்த்தேன், பந்து இவன் விரலில் பட்டுத்தான் வெளியே போனது’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே மாற்றலாம். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் போச்சு. ‘அந்த டிராவலை (பந்தைத் தட்டாமல் நடந்ததை) ஊதவில்லையே, இதுவும் தவறுதானே, திருத்துங்கள்’ என்று கோச்சுகள் வந்து நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். தவறுதான், ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாத தவறு.

மூன்றாவது வகைக்கு ஓர் உதாரணம் சொன்னால் வித்தியாசம் புரியும். கடிகாரத்தில் 0.2 விநாடி மிச்சம், த்ரோ-இன். அந்த நேரத்துக்குள் பந்தைப் பிடித்துப் போட முடியாது, தட்டிவிட்டு உள்ளே போனால்தான் கணக்கு என்று விதியே சொல்கிறது. ஆட்டக்காரர் பிடித்துப் போடுகிறார், ரெஃப்ரி அந்தப் பரபரப்பில் புள்ளி கொடுத்துவிடுகிறார். பிடித்துத்தான் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், யாருடைய கண்ணிலும் குறையில்லை, விதி மட்டும் அந்த நொடியில் மறந்துபோயிற்று. இது திருத்தக்கூடியது. த்ரோ-இன் பந்து யார் மீதும் படாமல் நேராகக் கூடையில் விழுந்ததற்குப் புள்ளி கொடுத்தாலும் அதே கதைதான்.

சரி, எதுவரை திருத்தலாம்? நம்மூரில் நடக்கும் சண்டையில் பாதி இந்த வாக்கியத்தைச் சரியாகப் படிக்காததால் வருவது. தவறு நடந்த பிறகு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு முதல் முறையாகப் பந்து டெட் ஆகிறது, அதாவது ஆட்டத்தில் இல்லாத நிலைக்குப் போகிறது. அந்த டெட் பால் முடிந்து பந்து மறுபடி லைவ் ஆவதற்குள், அதாவது ஆட்டத்துக்குத் திரும்புவதற்குள், தவறைக் கண்டுபிடித்தாக வேண்டும். ரெஃப்ரியோ, டேபிளில் இருப்பவரோ, ஆட்டத்தை மேற்பார்வையிடும் கமிஷனர் இருந்தால் அவரோ கண்டுபிடிக்கலாம். கோச் ஞாபகப்படுத்தலாம், ஆனால் அவர் கத்தியதே கண்டுபிடிப்பு ஆகிவிடாது.

டெட் பால் என்றால் விசில் ஊதினால்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கூடை விழுந்தாலே பந்து டெட். கடைசி இரண்டு நிமிடம் தவிர மற்ற நேரத்தில் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும், விசிலும் கிடையாது, ஆனாலும் பந்து டெட்தான். எண்ட் லைனுக்கு (கூடைக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோடு) வெளியே எதிரணி ஆட்டக்காரர் பந்தை எடுத்து த்ரோ-இன்னுக்குத் தயாரானதும் அது லைவ் ஆகிவிடுகிறது. ஆக, கேள்வியில் சொன்ன ஆட்டத்தில் நீலம் கூடை போட்டதுதான் முதல் டெட் பால். வெள்ளை அணி ஆட்டக்காரர் பந்தைக் கையில் எடுப்பதற்கு முன் டேபிளோ ரெஃப்ரியோ தவறை உணர்ந்திருந்தால் திருத்தியே ஆக வேண்டும், ‘நேரம் தாண்டிவிட்டது’ என்றது பொய். எடுத்துவிட்ட பிறகு என்றால் ரெஃப்ரி சொன்னது சரி. இடைவெளி இரண்டு மூன்று விநாடிகூட இருக்காது. வலையிலிருந்து விழும் பந்து தரையில் ஒருமுறை குதித்து யாரோ ஒருவர் கைக்குப் போகும் நேரம், அவ்வளவுதான்.

அந்த இரண்டு மூன்று விநாடியை நீட்டிக்க கோச்சிடம் ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதே இல்லை. டேபிளிடம் கத்துவதற்குப் பதிலாக டைம்-அவுட் கேளுங்கள். எதிரணி கூடை போட்டால், கூடை வாங்கிய அணிக்கு டைம்-அவுட் வாய்ப்பு உண்டு. த்ரோ-இன் போடுபவர் கையில் பந்து போகும்வரை அந்த வாய்ப்பு திறந்திருக்கும், அதற்கு முன்னாலேயே கேட்டு வைத்திருந்தால் கூடை விழுந்ததும் டைமர் ஒலி கொடுத்துவிடுவார். டைம்-அவுட் முழுக்கப் பந்து டெட். நிதானமாக ரெஃப்ரியைக் கூப்பிட்டு, ‘சார், அது ஐந்தாவது டீம் ஃபவுல், ஷீட்டை ஒருதரம் பாருங்கள்’ என்று சொல்லலாம். இரண்டாம் பாதிக்கு மூன்று டைம்-அவுட்தான், அதில் ஒன்றை இதற்குச் செலவழிக்க மனசு வராது. ஆனால் இரண்டு ஃபிரீ த்ரோ என்பது சின்ன விலை இல்லை.

திருத்துகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எப்படித் திருத்துவார்கள்? இடையில் நடந்தது எதுவும் அழியாது. போட்ட புள்ளி, ஆன ஃபவுல், ஓடிய நேரம் எல்லாம் அப்படியே நிற்கும். நீலம் போட்ட அந்தக் கூடையும் நிற்கும். ‘ஃபிரீ த்ரோ கொடுத்திருந்தால் அந்த ரீபவுண்டே நடந்திருக்காதே, அந்த இரண்டு புள்ளியும் வந்திருக்காதே’ என்று வெள்ளை கேட்கும். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அந்த வழியில் போனால் எங்கே நிறுத்துவது? இடையில் ஒருவர் தன் ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டத்தை விட்டு வெளியேறியிருந்தால் அவரைத் திரும்ப உள்ளே கூப்பிடுவதா? கணுக்கால் பிசகியவருக்கு என்ன சொல்வது? அதனால் விதி, விட்டதைக் கொடு, நடந்ததைத் தொடாதே என்று கோடு போட்டுவிட்டது. எனக்கு இந்தக் கோடு சரியாகத்தான் படுகிறது.

இந்த ஆட்டத்தில் என்றால், ஃபவுல் வாங்கிய அதே வெள்ளை ஆட்டக்காரர் இரண்டு ஃபிரீ த்ரோ போடுவார், பக்கத்தில் யாரும் வரிசையாக நிற்க மாட்டார்கள், ஏனென்றால் பந்து ஏற்கெனவே கைமாறிவிட்டது. போட்டு முடித்ததும் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும், அதாவது நீலம் கூடை போட்டதால் வெள்ளைக்கு எண்ட் லைனில் த்ரோ-இன். பந்து கைமாறாமல் வெள்ளையிடமே இருந்து, வேறு காரணத்துக்கு நின்றபோது தவறு தெரிந்திருந்தால் வழக்கமான ஃபிரீ த்ரோ மாதிரி இரு பக்கமும் ஆட்கள் நிற்க, கடைசி ஃபிரீ த்ரோ தவறினால் ரீபவுண்டுக்குக் குதிக்கலாம். இன்னொரு சுவாரசியமான திருப்பம்: அந்தத் தப்பான சைடு பாலை வைத்து வெள்ளையே கூடை போட்டிருந்தால் தவறு கணக்கிலேயே வராது. உங்களுக்கு வர வேண்டியது வேறு வழியில் வந்துவிட்டது, கிளம்புங்கள் என்று அர்த்தம்.

ஃபவுல் வாங்கியவர் அதற்குள் சப்ஸ்டிட்யூட் ஆகி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால்? அவரேதான் எழுந்து வந்து போட வேண்டும். அடிபட்டோ ஐந்து ஃபவுல் ஆகியோ வெளியேறியிருந்தால் மட்டும் அவருக்குப் பதிலாக இறங்கியவர் போடுவார். ‘எங்கள் பெஸ்ட் ஷூட்டர் போடட்டும்’ என்பது எடுபடாது. அப்படித் தப்பான ஆள் போட்டுவிட்டால் அது தனித் தவறு, அதற்குக் கடுமையான மருந்து: போட்டது விழுந்தாலும் விழாவிட்டாலும் ரத்து, பந்து எதிரணிக்கு, ஃபிரீ த்ரோ கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டிலிருந்து. முதல் ஷாட் கையை விட்டுப் போவதற்கு முன்பே ரெஃப்ரி கவனித்துவிட்டால் ஆளை மாற்றிவிட்டு ஒன்றுமே நடக்காதது போலத் தொடரலாம். ஃபிரீ த்ரோ போடுபவரின் நம்பரை ரெஃப்ரி வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பந்தைக் கொடுத்தால் இந்தப் பஞ்சாயத்து வராது.

தலைகீழ்த் தவறும் உண்டு, அதாவது நான்காவது ஃபவுலுக்கே ஃபிரீ த்ரோ கொடுத்துவிடுவது. இது பெரும்பாலும் டேபிளிலிருந்துதான் தொடங்கும். ஓர் அணிக்கு நான்காவது டீம் ஃபவுல் ஆகி, அதற்குப் பிறகு பந்து லைவ் ஆகும்போதுதான் சிவப்பு அட்டையை மேஜை மேல் அந்த அணியின் பெஞ்ச் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் நான்காவது ஃபவுல் ஊதிய கையோடு தூக்கி வைத்துவிடுவார்கள். ரெஃப்ரி ஃபவுலைக் காட்டிவிட்டுத் திரும்பினால் மேஜையில் சிவப்பு, ‘ஓ, பெனால்ட்டி’ என்று இரண்டு விரலைக் காட்டிவிடுவார். இரண்டும் உள்ளே விழுந்து, எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு பாதி மைதானம் தாண்டிய பிறகு ஸ்கோரர் தலையில் கை வைப்பார். அப்போது அந்த இரண்டு புள்ளியும் போய்விடும். தவறு நடந்தபோது பந்து ஒரு அணியிடம், கண்டுபிடித்தபோது இன்னொரு அணியிடம் என்பதால் ஜம்ப் பால் நிலை, டேபிளில் இருக்கும் அம்புக்குறி யார் பக்கமோ அவர்களுக்குப் பந்து. அதே அணியிடமே பந்து இருந்தாலோ யாரிடமும் இல்லையென்றாலோ தவறின்போது பந்துக்கு உரியவருக்கே போகும்.

இனி, இதெல்லாம் நடக்கும்போது ரெஃப்ரி எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் ஒருவரைப் பற்றி நான் முடிவுக்கு வருவேன். தவறு என்று உறைத்த நொடியே விசிலை வாயில் வைக்கக் கூடாது. ஓர் அணி ஃபாஸ்ட் பிரேக்கில் தனியாக ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துவது அவர்களைத் தண்டிப்பது. யாருக்கும் பாதகமில்லாத நேரத்தில் நிறுத்தலாம் என்றுதான் விதியும் சொல்கிறது. நிறுத்தியதும் பந்து யாரிடம், எந்த இடத்தில், ஆட்டக் கடிகாரத்திலும், ஷாட் போடுவதற்கான கெடுவைக் காட்டும் ஷாட் கிளாக்கிலும் என்ன, அம்பு எந்தப் பக்கம் என்று மனதில் குறித்துக்கொண்டு, ஆட்டக்காரர்களை அவரவர் பெஞ்ச் பக்கம் அனுப்பிவிட்டு, சக ரெஃப்ரியோடு டேபிளுக்குப் போக வேண்டும். ஸ்கோரரிடம் ‘அது ஐந்தாவதுதானே?’ என்று கேட்டால் அவர் பதற்றத்தில் தலையாட்டிவிடுவார். ‘ஷீட்டில் நீலத்துக்கு இந்தக் குவார்ட்டரில் என்ன எழுதியிருக்கிறது, நம்பரோடு படியுங்கள்’ என்று கேட்க வேண்டும். ரெஃப்ரிகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் அவர்களில் தலைமையானவர், கிரூ சீஃப், முடிவெடுப்பார். அப்புறம் இரண்டு கோச்சையும் ஒன்றாகக் கூப்பிட்டு, என்ன தவறு, எதைத் திருத்துகிறோம், எது அப்படியே நிற்கும், பந்து யாருக்கு என்று நாலு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு கோச்சிடம் மட்டும் போய்க் காதோரம் பேசினால், அந்தப் பக்கம் இருப்பவருக்கு எவ்வளவு சரியான முடிவும் சதியாகத்தான் தெரியும்.

வாய்ப்பு மூடிவிட்டது என்றால் அதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். ‘ஆமாம், எங்கள் தவறு. இப்போது திருத்த முடியாது.’ இதைச் சொல்லத் தைரியமில்லாதவர்கள்தான் ஈடுகட்டும் விசிலை ஊதுகிறார்கள். அவர்கள் பாவம், மனசாட்சி உறுத்தி நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் முதல் தவறு மறதி, இரண்டாவது தெரிந்தே செய்வது. அந்தப் பொய் ஃபவுல் யார் பேரில் எழுதப்பட்டதோ அந்த நீல ஆட்டக்காரருக்கு அது நான்காவதாக இருந்திருந்தால், அவருடைய மீதி ஆட்டமே மாறிப்போகும், அவர் செய்த குற்றம் என்ன?

ஸ்கோர் ஷீட் தவறு வேறு கணக்கு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரெஃப்ரி மூன்று விரல் காட்டியதை ஸ்கோரர் இரண்டு என்று எழுதியது, ஒருவருடைய ஃபவுலை இன்னொருவர் பேரில் போட்டது, கடிகாரத்தை ஓடவிடாமல் விட்டது, டைம்-அவுட்டைக் கூடுதலாகக் குறித்தது போன்றவற்றை எந்த நேரத்திலும் சரிசெய்யலாம், ஆட்டம் முடிந்து கிரூ சீஃப் ஷீட்டில் கையெழுத்துப் போடும்வரை. முதல் குவார்ட்டரில் விட்ட புள்ளியை நான்காவது குவார்ட்டரில்கூடச் சேர்க்கலாம்.

டேபிள் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஒரு கதை உண்டு. 2007 டிசம்பர் 19 அன்று அட்லாண்டாவில் ஹாக்ஸுக்கும் மயாமி ஹீட்டுக்கும் நடந்த ஆட்டம், ஓவர்டைமில் 51.9 விநாடி மிச்சம் இருக்கும்போது மயாமியின் ஷகீல் ஓ’நீல், ஆறு ஃபவுல் ஆகிவிட்டது என்று வெளியே அனுப்பப்பட்டார் (அங்கே எல்லை ஐந்தல்ல, ஆறு). உண்மையில் அவருக்கு ஐந்துதான், டேபிளில் ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டார்கள். ஹாக்ஸ் 117-111 என்று ஜெயித்தது. மயாமி முடிவை எதிர்த்து லீக்கிடம் புரொட்டஸ்ட் செய்தது, 2008 ஜனவரியில் லீக் அதை ஏற்று ஹாக்ஸுக்கு 50,000 டாலர் அபராதமும் போட்டது. 1982க்குப் பிறகு என்பிஏ ஏற்றுக்கொண்ட முதல் புரொட்டஸ்ட் அது. அந்த 51.9 விநாடியை மட்டும் 2008 மார்ச் 8 அன்று திரும்ப ஆடினார்கள். யாரும் ஒரு புள்ளிகூடப் போடவில்லை, அந்த நொடியில் இருந்த 114-111 என்ற கணக்கிலேயே ஹாக்ஸே ஜெயித்தது. யாருக்காக இதெல்லாம் நடந்ததோ அந்த ஷாக் அதற்குள் ஃபீனிக்ஸுக்கு மாறிப்போயிருந்தார். தவறை மூன்று மாதம் கழித்துத் திருத்தினால் எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

இன்னொரு பக்கம் 2019 டிசம்பர் 3, சான் அன்டோனியோ. ஹூஸ்டனின் ஜேம்ஸ் ஹார்டன் டங்க் செய்கிறார், பந்து வளையத்துக்குள் போய் வலையில் சுருண்டு மேலே எகிறி வெளியே வந்துவிடுகிறது. ரெஃப்ரிகள் புள்ளி கொடுக்கவில்லை. நான்காவது குவார்ட்டரில் ஏழு நிமிடம் 50 விநாடி மிச்சம், ஹூஸ்டன் 13 புள்ளி முன்னிலை. கோச் சேலஞ்ச் (முடிவை வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்வது) கேட்பதற்கான 30 விநாடி வாக்குவாதத்திலேயே கரைந்துவிட்டது. கடைசியில் இரண்டு ஓவர்டைம் போய் 135-133 என்று சான் அன்டோனியோ ஜெயித்தது. நடுவர்கள் தவறு செய்ததை ஒப்புக்கொண்டு அவர்கள் மேல் நடவடிக்கையும் எடுத்த லீக், புரொட்டஸ்டைத் தள்ளுபடி செய்தது. அதன்பிறகு மீளப் போதுமான நேரம் ஹூஸ்டனுக்கு இருந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். கசப்பான பதில்தான். ஆனால் டைம்-அவுட் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு வாக்குவாதம் செய்யும் எல்லாக் கோச்சும் அந்த 30 விநாடியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரத் தவறுக்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று விநாடி மிச்சத்தில் அமெரிக்கா 50-49 முன்னிலை. அந்த மூன்று விநாடியை மறுபடி மறுபடி ஆடவைத்தார்கள். அதில் ஒரு தடவை கடிகாரம் மூன்றுக்குத் திரும்ப வைக்கப்படாமலேயே பந்து ஆட்டத்துக்குக் கொடுக்கப்பட்டது, ஹாரன் அடித்தது, அமெரிக்கர்கள் ஜெயித்ததாகக் கொண்டாடினார்கள், பிறகு மறுபடி ஆடச் சொன்னார்கள். அந்தத் தடவை அலெக்சாண்டர் பெலோவ் கூடை போட சோவியத் 51-50. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன் ‘டேபிள் தயாரா?’ என்று திரும்பிப் பார்த்துக் கட்டைவிரல் காட்டும் பழக்கம் ஏன் முக்கியம் என்று புது ரெஃப்ரிகள் கேட்டால் நான் இந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

கடைசியாக, இப்போது புரொட்டஸ்ட் செய்யலாமா என்பது. ஃபீபா முறையில் ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் கேப்டன் கிரூ சீஃபிடம் சொல்லிவிட்டு ஷீட்டில் அதற்கென்று இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், உள்ளூர்ப் போட்டிகளில் அவரவர் நேரமும் கட்டணமும் வைத்திருப்பார்கள். எந்தக் காரணத்துக்கு ஏற்பார்கள் என்பதும் குறுகலான பட்டியல்: ஸ்கோர், நேரம், ஷாட் கிளாக் சம்பந்தமான திருத்தப்படாத தவறு, ஆட்டத்தை ரத்து செய்வது போன்ற முடிவுகள், தகுதியில்லாத ஆட்டக்காரர். ரெஃப்ரி ஃபிரீ த்ரோ கொடுக்க மறந்தது அதில் இல்லை. அதனால் அந்த ஆட்டத்தின் ஷீட்டை ஒருமுறை பாருங்கள். நீலத்தின் அந்த ஃபவுல் ஐந்தாவதாகச் சரியாகப் பதிவாகியிருந்தால் புரொட்டஸ்ட் நிற்காது. நான்காவதாகத் தப்பாக எழுதப்பட்டு அதனால்தான் சைடு பால் கொடுத்தார்கள் என்றால், அது ஸ்கோர் ஷீட் தவறு, பேசிப் பார்க்க இடமிருக்கிறது.